ரீயூனியன் ரம் ஜாடி: எது தேறும், எது தேறாது

டிசம்பர் பிறந்தால், பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவின் சாலையோரங்களில் லிச்சிக் கொத்துகள் விற்பனைக்கு வந்துவிடும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அங்கே அது கோடைக்காலம். 1848-இல் அடிமை முறை ஒழிந்த நாளைக் கொண்டாட 20-ஆம் தேதி தீவு முழுக்க விடுமுறை. மேளமும் மலோயா பாட்டுமாகத் தெருக்கள் நிறையும். ஐந்தே நாளில் கிறிஸ்துமஸ், அடுத்த வாரம் புத்தாண்டு. இந்த விருந்துகளில் சாப்பாடு முடிந்ததும் சின்னக் கோப்பைகளில் வருவது ரம் அராஞ்சே. வெள்ளை ரம்மில் பழமும் வாசனைப் பொருளும் ஊறப்போட்டு வீட்டிலேயே செய்யும் பானம் இது. அடுப்பு வேண்டாம், கலக்கும் கருவி வேண்டாம், கைப்பக்குவம்கூடப் பெரிதாக வேண்டாம் என்பார்கள். ஒரு கண்ணாடி ஜாடியும் காத்திருக்கும் மனமும் போதுமாம்.

செய்வது எளிது என்பதில் எனக்கு மறுப்பில்லை. நன்றாகச் செய்வதும் அதே அளவு எளிது என்று சொல்லும்போதுதான் ஒப்ப முடியவில்லை. தீவுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் அந்த ஜாடிகளின் அழகைச் சொல்கிறார்கள். மஞ்சள் அன்னாசித் துண்டு, நட்சத்திர வடிவ அன்னாசிப்பூ, பட்டைச் சுருள், கறுத்த வனிலாக் காய், நடுவில் ஒரு மிளகாய் என்று அலமாரியில் வரிசையாக நிற்கும் ஜாடிகள் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் குடிக்கப்போகிறவர் வாயை வைத்தல்லவா தீர்ப்பு சொல்ல வேண்டும்? அப்படிப் பார்த்தால் அந்த அலமாரியில் பாதிக்கு மேல் தேறாது என்பது என் முடிவு. ஏன் தேறாது, தேறுவது எது என்பதைக் காரணத்தோடு சொல்கிறேன்.

மூன்று கேள்விகளை உரைகல்லாக வைத்துக்கொள்கிறேன். ஊறிய பிறகும் பழத்தின் வாசனை பழத்தின் வாசனையாகவே இருக்கிறதா? சாராயத்தின் எரிவு அடங்கியிருக்கிறதா, அல்லது சர்க்கரையால் மூடப்பட்டிருக்கிறதா? விருந்து நாள்வரை ஜாடி கெடாமலும் மங்காமலும் தாங்குமா? அழகு, பாரம்பரியம், பாட்டி காலத்துக் குறிப்பு எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்.

ரம்மிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலான தோல்விகள் அங்கேதான் தொடங்குகின்றன. ரீயூனியனில் இன்று மூன்று பெரிய வடிசாலைகள் உண்டு: சாந்த்-ஆந்த்ரே ஊரில் புவா-ரூஜ் சர்க்கரை ஆலையை ஒட்டியிருக்கும் சவானா, சாந்த்-பெனுவாவில் ரிவியேர் து மா, தெற்கே சாந்த்-பியேரில் 1845-இல் தொடங்கிய இசோத்தியே. மூன்றின் சரக்கையும் சேர்த்து ஷாரெத் என்ற பெயரில் விற்கும் வெள்ளை ரம்தான் தீவின் அன்றாட ரம். கரும்புச் சாற்றிலிருந்து எடுப்பதல்ல, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுப்பது. அதன் வீரியம் 49 சதவீதம். இந்த எண்ணைத் தீவுக்காரர்கள் வீம்புக்காக வைத்துக்கொண்டிருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியல்ல என்று தெரியும்.

அன்னாசிப்பழத்தில் ஏறத்தாழ 86 சதவீதம் தண்ணீர். ஒரு லிட்டர் ரம்மில் 400 கிராம் அன்னாசி போட்டால் 340 மில்லிக்கு மேல் தண்ணீரையும் சேர்த்தே ஊற்றியதாக அர்த்தம். சில வாரங்களில் பழத்துக்குள் இருக்கும் நீரும் வெளியே இருக்கும் சாராயமும் கலந்து சமநிலைக்கு வந்துவிடும். 49 சதவீத ரம், 400 கிராம் பழம், 50 கிராம் சர்க்கரை என்றால் ஜாடியின் வீரியம் ஏறத்தாழ 35 அல்லது 36-இல் வந்து நிற்கும். ஐரோப்பியக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 40 சதவீத ரம்மை எடுத்தால் அதே ஜாடி 29-க்கு இறங்கும். ஐரோப்பியச் சட்டம் ரம்முக்கு அனுமதிக்கும் குறைந்தபட்ச வீரியமான 37.5-ஐ எடுத்தால் 27. அதோடு ஜாடி நிறைந்து தெரிய வேண்டும் என்று பழத்தை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்? 40 சதவீத ரம்மும் 800 கிராம் பழமும் சேர்ந்தால் வீரியம் 23-ஐத் தாண்டாது. பானம் நீர்த்துப்போகும். கெட்டுப்போகாமல் காக்கும் எல்லைக்கும் நெருங்கிவிடும். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் நம்பி மாதக்கணக்கில் வைக்க முடியாது.

வீரியம் குறைந்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. பழத்தோலிலும் வனிலாவிலும் உள்ள வாசனைச் சேர்மங்கள் பலவும் தண்ணீரில் சரியாகக் கரையாதவை, சாராயத்தில் கரைபவை. நீர்த்த ரம் அவற்றை அரைகுறையாகவே இழுக்கும். ஆகவே 49 சதவீத ரம் முரட்டுக் குடிக்காக வைத்தது அல்ல; கடைசியில் 35-இல் வந்து நிற்பதற்காக முன்கூட்டியே விட்டுவைத்த இடம். தீவின் வழக்கத்தில் நான் முழுமனத்தோடு ஏற்பது இதை. 40 சதவீத ரம் மட்டுமே கையில் இருந்தால் லிட்டருக்கு 250 கிராமுக்கு மேல் பழம் போடக் கூடாது. ஜாடி காலியாகத்தான் தெரியும். தெரியட்டும்.

அடுத்தது, ஒரே ஜாடியில் எல்லாவற்றையும் போடும் பழக்கம். இது எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. தோட்ட முதலாளிகள் காலத்தில் கிடைத்த கரும்புச் சாராயம் கரடுமுரடானது. தொண்டையை அறுக்கும் அந்தச் சரக்கைக் குடிக்கத் தகுந்ததாக்க, கைக்குக் கிடைத்த பட்டை, கிராம்பு, பழத்தோல் எல்லாவற்றையும் போட்டு மூடிமறைத்தார்கள். அன்றைக்கு அது நியாயமான வேலை. இன்றைய ஆலைகளில் வடிக்கும் வெள்ளை ரம் அப்படியில்லை; மறைத்தாக வேண்டிய துர்நாற்றம் அதில் கிடையாது. மறைக்க ஒன்றும் இல்லாதபோது மறைக்கும் கருவிகளை எல்லாம் இறக்கினால், அவை பழத்தைத்தான் மறைக்கும். ரசத்தில் மிளகும் சீரகமும் துலங்க வேண்டுமென்றால் யாரும் கரம் மசாலாவைக் கொட்டமாட்டார்கள். இங்கேயும் அதே நியாயம்.

பட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாராயத்தில் போட்ட இரண்டு மூன்று நாளில் அது தன் காரத்தை இறக்கிவிடும். ஒரு வாரம் கடந்தால் மரத்தூளின் துவர்ப்பும் கூடவே வரும். மூன்று மாதம் கிடந்த ஜாடியில் பட்டையைத் தவிர வேறெதுவும் மிஞ்சுவதில்லை. கிராம்பு இன்னும் மோசம். அதிலுள்ள யூஜெனால் நாக்கை மரத்துப்போகச் செய்யும். பல்வலிக்குக் கிராம்பு வைப்பதும் அதனால்தான். மரத்த நாக்கில் பழம் எப்படித் தெரியும்? அன்னாசிப்பூ போட்ட ஜாடிகள், உள்ளே மாம்பழம் இருந்தாலும் வாழைப்பழம் இருந்தாலும், ஒரே மாதிரி மணக்கின்றன. பன்னிரண்டு பொருள் போட்ட ஜாடி அந்த வீட்டின் முத்திரை என்று பெருமைப்படுகிறார்கள். அந்தப் பெருமையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு வீட்டு ஜாடிக்கும் அடுத்த வீட்டு ஜாடிக்கும் வித்தியாசம் தெரியாமல் போவதற்கும் அந்தப் பன்னிரண்டு பொருள்தான் காரணம்.

இனிப் பழங்கள். அன்னாசி, அதிலும் தீவில் விளையும் விக்டோரியா என்ற சின்ன ரகம், இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல இருக்கிறது. இரண்டு கைக்குள் அடங்கும் பழம். சதை பொன்னிறம், நார் குறைவு, இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே கூர்மையாக இருக்கும். அதன் வாசனையில் பெரும்பங்கு எஸ்டர்கள் என்னும் வாசனைச் சேர்மங்கள். ரம்மின் வாசனையிலும் அவைதான் பெரும்பங்கு. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே திசையில் போகின்றன. ஊறும் ஜாடியைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். முதல் வாரத்தில் துண்டுகளைச் சுற்றி நெய்போல ஒரு நெளிவு ரம்மில் இறங்கும். பிறகு ரம் வைக்கோல் நிறத்திலிருந்து தேன் நிறத்துக்குப் போகும். துண்டுகள் வெளிறி, ஓரங்கள் மட்டும் கண்ணாடிபோலத் தெரியும். இரண்டு மாதத்தில் பழம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிடும். அப்போது எடுத்த ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தால் சாராயமும் நாரும்தான் இருக்கும். அன்னாசி முழுக்க ரம்முக்குப் போய்விட்டிருக்கும்.

துண்டுகளைச் சர்க்கரையோடு வாணலியில் வதக்கிப் போடுவது சமீபத்தில் பரவலாகிவிட்ட முறை. அதன் வாசனை கிறக்கமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஜாமின் வாசனை. அன்னாசியைப் பச்சையாக மோந்தால் வருகிற அந்தக் கூர்மை தீயில் போய்விடுகிறது. இனிப்புப் பண்டத்தோடு குடிக்க ஒரு பாட்டில் வேண்டுமானால் வதக்கலாம். ஒரே ஒரு ஜாடிதான் போடுவதென்றால் பச்சையாகவே போட வேண்டும்.

லிச்சிக்கு வருவோம். பண்டிகையின் பழம் அதுதான் என்பதால் டிசம்பரில் எல்லோரும் அதைத்தான் ஊறப்போடுகிறார்கள், என் கருத்தில் பெரிய தவறும் இதுதான். லிச்சியின் மணம் பூவின் மணம். ரோஜாவில் உள்ள சில சேர்மங்கள் அதிலும் உண்டு. மிக நுட்பமானது. கொத்திலிருந்து பறித்து, தோலை நகத்தால் கீறி, சாறு விரலில் வழிய வாயில் போடும்போது மூக்கின் பின்பக்கம் ஒரு கணம் எழும்பி அடங்கும். மொலாசஸ் ரம்மின் கனத்த வாசனைக்கு முன் இந்த மணம் நிற்பதில்லை. மூன்று வாரம்வரை ஓரளவு தெரியும்; அந்தக் கட்டத்தில் குடித்தவர்கள் அதைப் புகழ்வதில் நியாயம் உண்டு. மூன்று மாதத்தில் பன்னீர்போல ஒரு நினைவு மட்டும் மிஞ்சும், சதையோ பழுப்பேறிச் சக்கையாகிவிடும். இந்தக் குறையை உணர்ந்துதான் பலர் லிச்சியோடு வனிலாவையும் நிறையச் சர்க்கரையையும் சேர்க்கிறார்கள். அப்போது அது வனிலா ரம் ஆகிவிடுகிறது, லிச்சி அலங்காரத்துக்கு மிதக்கிறது.

லிச்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்கேற்ற இடம் வேறு. தீவின் விருந்தில் சாப்பாட்டுக்கு முன்பும் ரம் உண்டு. பழச்சாறு கலந்து குளிர்ச்சியாகத் தரும் பஞ்ச். அங்கே லிச்சி வென்றுவிடுகிறது. ஓர் ஆளுக்கு நான்கைந்து பழங்களின் தோலையும் கொட்டையையும் நீக்கி, சதையைக் கரண்டியால் நசுக்கி, கால் மூடி பச்சை எலுமிச்சைச் சாறு பிழிந்து, 3 சென்டிலிட்டர் வெள்ளை ரம் ஊற்றி, பனிக்கட்டி நிறையப் போட்டு உடனே குடிக்க வேண்டும். சர்க்கரை தேவையில்லை. ஊறப்போடாததால் மணம் முழுசாக இருக்கிறது. குளிர்ச்சியில் ரம்மின் கனம் பின்னுக்குப் போகிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: லிச்சிக் கொட்டையில் நஞ்சான சேர்மங்கள் உண்டு. முழுப்பழத்தைக் கொட்டையோடு ஜாடியில் போட்டு அழகு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம்.

மற்றப் பழங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வாழைப்பழம் கலங்கலாக்கிவிடும், வடிகட்டுவதற்குள் பாதி ரம் போய்விடும். மாம்பழம் பச்சையாக இருக்கும்போது தரும் சுகத்தில் கால்பங்கைக்கூட ஊறிய பின் தருவதில்லை. பாஷன்ஃப்ரூட் நன்றாகவே ஊறும், ஆனால் அதன் புளிப்பைச் சமன்செய்யச் சர்க்கரையை அள்ளிப் போட வேண்டியிருக்கும். கொம்பாவா என்ற, சொரசொரத்த தோலுள்ள எலுமிச்சை வகை மட்டும் தனிக் கவனத்துக்குரியது. தாய்லாந்துச் சமையலில் இலையைப் போடுவார்களே, அதே மரத்தின் காய். ஒரு காயின் பச்சைத் தோலை வெள்ளைப் பகுதி படாமல் சீவி ஐந்து நாள் ஊறவைத்தால் போதும், ஜாடியைத் திறந்ததும் அறையே மணக்கும். வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசப்பு. ஐந்து நாள் ஐந்து வாரமானாலும் கசப்புதான். மற்ற பழங்களைப்போல இதையும் மாதக்கணக்கில் போட்டுவைப்பதால் நல்ல சரக்கு வீணாகிறது.

ஃபாஹாம் என்ற ஆர்க்கிட் இலையையும் ஊறவைப்பார்கள். உலர்ந்த இலையில் கூமரின் மணம். புதிதாக அறுத்த புல்லும் வனிலாவும் சேர்ந்தாற்போல இருக்கும். சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காட்டில் பறித்துப் பறித்தே அரிதாகிப்போன செடி அது. தோட்டத்தில் வளர்த்த இலை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வாங்கக் கூடாது என்பது என் நிலை. ஒரு விருந்துக்காக ஒரு காட்டுச் செடியை அழிப்பதற்கு எந்தச் சுவையும் ஈடாகாது.

அன்னாசியோடு துணைக்குச் சேர்க்கலாம் என்று நான் ஏற்கும் ஒரே பொருள் வனிலா. முதல் காரணம் சுவை. வனிலாவின் மணம் இனிப்பை நினைவூட்டுவது. அது இருந்தால் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தாலும் நாக்கு குறையாக உணர்வதில்லை, சாராயத்தின் எரிவும் மட்டுப்படுகிறது. மெதுவாக இறங்கும் பொருள் என்பதால் இரண்டு மூன்று மாதம் கிடந்தாலும் பழத்தை அடக்கி ஆளாது. ஒரு லிட்டருக்கு ஒரு காய், நடுவில் நீளவாக்கில் கீறியது, போதும்.

இரண்டாவது காரணம் அந்த டிசம்பர் 20. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட வனிலாக் கொடி ரீயூனியனுக்கு வந்து பூத்தது, ஆனால் மகரந்தத்தைச் சேர்க்கும் பூச்சி அங்கே இல்லாததால் காய்க்கவில்லை. 1841-இல் சாந்த்-சுசானில் ஒரு தோட்டத்தில் அடிமையாக இருந்த எட்மோன் என்ற 12 வயதுச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவுக்குள்ளிருக்கும் சவ்வை விலக்கி மகரந்தத்தைச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். உலகெங்கும் வனிலாத் தோட்டங்களில் இன்றும் கையால் செய்வது அந்த வேலையைத்தான். 1848-இல் விடுதலை கிடைத்தபோதுதான் அவனுக்கு அல்பியுஸ் என்ற குடும்பப் பெயரும் கிடைத்தது. தன் கண்டுபிடிப்பால் பிறர் செல்வந்தரானதைப் பார்த்தபடி 1880-இல் வறுமையில் இறந்தார். விடுதலை நாள் விருந்துக்கு வைக்கும் ஜாடியில் ஒரே ஒரு வாசனைப் பொருளுக்குத்தான் இடம் என்றால் அது வனிலாவாக இருப்பதே முறை. சுவையில் தோற்றிருந்தால் இந்தக் காரணத்துக்காக மட்டும் சேர்க்கச் சொல்லியிருக்கமாட்டேன். சுவையிலும் அதுதான் வெல்கிறது.

வரலாறு என்று வந்துவிட்டால் கரும்பை விட்டுவிட முடியாது. விடுதலை பெற்ற ஏறத்தாழ 60,000 பேர் தோட்டங்களை விட்டு விலகத் தொடங்கியபோது, அவர்கள் இடத்தில் வெட்ட வந்தவர்கள் நம்மவர்கள். பாண்டிச்சேரி, காரைக்கால், ஏனாம் துறைமுகங்களிலிருந்தும், 1860-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்த உடன்பாட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். 1882-இல் பிரிட்டிஷார் நிறுத்தும்வரை இது நடந்தது. சவானா வடிசாலை இருக்கும் சாந்த்-ஆந்த்ரேயில்தான் இன்றும் தமிழ்க் கோவில்களும் தமிழ்ப் பெயர்களும் அடர்த்தி. தோட்டத்துத் தமிழர்களுக்கு ரம் இரண்டு விதமாக வந்து சேர்ந்தது. காவடிக்கும் தீமிதிக்கும் விரதம் இருக்கும் நாட்களில் இறைச்சியோடு மதுவும் விலக்கு. அதே சமூகத்தில் முனீஸ்வரன் போன்ற காவல் தெய்வங்களுக்குப் படையலில் ரம்மும் உண்டு. இரண்டையும் ஒருசேரக் காத்துவரும் வீடுகளில் ஜாடி அலமாரியில் இருக்கிறது, எப்போது திறக்கக் கூடாது என்ற விதியும் கூடவே இருக்கிறது. ரம்மைப் பற்றி அந்தத் தீவு சொல்லித்தரக்கூடிய மிக நல்ல பழக்கம் அதுவென்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் எடைத்தட்டின் மறுபக்கமும் கனமானது. தோட்டக் காலத்திலிருந்தே மலிவாகக் கிடைக்கும் ரம், கடல்கடந்த மாவட்டங்களுக்கான வரிச் சலுகையால் இன்றும் தீவில் மலிவு. குடியால் வரும் சாவுகளும், கருவிலேயே மதுவால் பாதிக்கப்படும் குழந்தைகளும் பிரான்சின் சராசரியைவிட அங்கே அதிகம். பழம் போட்டதால் ரம் ரம்மாக இல்லாமல் போவதில்லை. சாப்பாட்டுக்குப் பின் குடித்தால் செரிமானத்துக்கு நல்லது என்று விருந்தில் சொல்வது பொய். சாராயம் வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தத்தான் செய்யும். 35 சதவீத ஜாடியிலிருந்து 4 சென்டிலிட்டர் ஊற்றினால் 11 கிராம் தூய ஆல்கஹால். பிரான்சில் ஒரு கோப்பை என்று கணக்கிடும் அளவு 10 கிராம்; நாளுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், எல்லா நாளும் வேண்டாம் என்பது 2017-இலிருந்து அங்கே சுகாதாரத் துறையினர் சொல்லிவரும் வரம்பு. ஆகவே இந்தப் பானத்துக்குச் சின்னக் கோப்பை வைத்திருப்பது நாகரிகத்துக்காக மட்டும் அல்ல.

ஊறிய பழத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஜாடியின் வீரியம்தான் பழத்துக்குள்ளும். ரம்மில் ஊறிய சில லிச்சிகளிலேயே ஒரு கோப்பையின் ஆல்கஹால் சேர்ந்துவிடும். தட்டில் வைத்தால் அது பழமாகத்தான் தெரியும். குழந்தைகள் கை நீட்டுவார்கள், கர்ப்பிணிகளும் தெரியாமல் எடுத்துக்கொள்வார்கள். ஊறிய பழத்தை விருந்து மேசைக்குக் கொண்டுவருவதை நான் முழுமையாக எதிர்க்கிறேன்.

சர்க்கரையை எப்போது சேர்ப்பது என்பதில் தீவிலேயே இரண்டு கட்சி. தொடக்கத்திலேயே போடுவோர், அது பழத்திலிருந்து சாற்றை இழுக்கும் என்பார்கள். இழுக்கும் என்பது சரி. ஆனால் சாராயமே அந்த வேலையை நன்றாகச் செய்துவிடுகிறது. தொடக்கத்தில் போட்டால் பழம் எவ்வளவு இனிப்பைக் கொடுக்கப்போகிறது என்று தெரியாமலேயே அளவை முடிவுசெய்கிறோம். கூடிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. வடிகட்டிய பிறகு, ருசி பார்த்து, கரும்புச் சர்க்கரைப் பாகாகச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே சரி. நல்ல விக்டோரியா அன்னாசியாக இருந்தால் லிட்டருக்கு 40, 50 கிராமுக்கு மேல் தேவைப்படாது. 100, 150 கிராம் போடும் குறிப்புகள் எல்லாம் பழம் பழுக்காததை மறைக்க எழுதியவையாகவே எனக்குப் படுகின்றன.

காலம் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. ஐந்து வருட ஜாடி, பத்து வருட ஜாடி என்று பெருமையாகக் காட்டுவார்கள். மரப்பீப்பாயில் ரம் முதிர்வதற்கும் கண்ணாடி ஜாடியில் பழம் கிடப்பதற்கும் சம்பந்தமில்லை. பீப்பாய் மரம் சுவையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், காற்றையும் அளவாக உள்ளே விடும். கண்ணாடி எதையும் கொடுப்பதில்லை; அதில் வருடக்கணக்கில் கிடக்கும் பழம் துவர்ப்பையும் பழுப்பையும்தான் கொடுக்கும். பழத்தை எடுத்துவிட்டு ரம்மை மட்டும் மூடிவைத்தால் சில மாதங்களில் முனை மழுங்கி இன்னும் இதமாகும் என்பது உண்மை. காலத்தை அதற்குக் கொடுக்கலாம்.

ஆக, டிசம்பர் விருந்துக்கு ஒரு ஜாடிதான் என்றால் என் தீர்ப்பு இது: செப்டம்பர் தொடக்கத்தில் 49 சதவீத வெள்ளை ரம் ஒரு லிட்டர், நன்கு பழுத்த அன்னாசி தோலும் கண்ணும் நீக்கி 400 கிராம், கீறிய வனிலாக் காய் ஒன்று. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, மிளகாய் எதுவும் இல்லை. துண்டுகள் ரம்முக்கு மேலே தலைநீட்டாமல் மூழ்கியிருக்க வேண்டும். நீட்டிய துண்டுதான் முதலில் கறுக்கும். வெயில் படாத இடத்தில் வைத்து வாரம் ஒருமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். நவம்பர் தொடக்கத்தில் பழத்தை எடுத்துவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, சர்க்கரை சரிபார்த்து, வனிலாவை மட்டும் திரும்பப் போட்டு மூடிவைக்க வேண்டும். ஊற்றும்போது அப்படியே ஊற்றலாம். கோடை வெக்கையில் கனமாகத் தெரிந்தால் ஒரு பனிக்கட்டியும் பச்சை எலுமிச்சை ஒரு துண்டும் அதற்கு அழகு. சோடா சேர்த்து நீளக் கோப்பையில் தருவதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன். பழச்சாற்றோடு கலப்பதுதான் வீண். இரண்டு மாதம் காத்திருந்து எடுத்த அன்னாசியைப் பெட்டியில் வரும் அன்னாசிச் சாறு ஒரே நொடியில் அமுக்கிவிடும்.

வடிகட்டியபின் மிஞ்சும் துண்டுகளை வீணாக்க மனம் வராமல் பலர் கேக்கில் சேர்க்கிறார்கள், ஐஸ்கிரீம்மேல் வைக்கிறார்கள். மணம் ரம்முக்குப் போய்விட்டது, சாராயம் மட்டும் நாருக்குள் தங்கியிருக்கிறது. அந்தத் துண்டுகள் உரக்குழிக்குத்தான் போக வேண்டும். அன்றைய கேக்குக்குப் புதிதாக ஒரு அன்னாசி வெட்டிக்கொள்ளலாம்.